நானூற்றுக்கு முன்னால் ஒரு கோடு

"எனக்கு நியாயம் வேண்டாம் சார். ஆள் வேணும்," என்றாள் அந்தப் பெண், நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே.

நிதானம் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முப்பது வருடம் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தியவர். அடுத்தவர் பிழையைப் பிடித்தே குடும்பம் நடத்தியவர். ஓய்வுக்குப் பிறகு, மாறிப்போன உயில், கையெழுத்துத் தெரியாத மொட்டைக் கடிதம் என்று ஆட்கள் அவரைத் தேடி வர ஆரம்பித்தார்கள். யார் எவ்வளவு பதற்றமாக வந்தாலும் அவர் முதலில் கண்ணாடியைத்தான் துடைப்பார். பட்டப்பெயர் அப்படி வந்தது.

"உக்காருங்கம்மா. எந்த ஆள்?"

"என் வீட்டுக்காரரைக் கெடுத்த ஆள். யாருன்னு மட்டும் சொல்லுங்க. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

ஜன்னலோரம் பேப்பர் படித்துக்கொண்டிருந்த மச்சினன் நிமிர்ந்தான். நிதானத்தின் மனைவிக்குத் தம்பி. நாற்பதை நெருங்குகிறவன். எந்த வழக்கிலும் முதல் ஐந்து நிமிடத்தில் குற்றவாளியைச் சொல்லிவிடுவான். இதுவரை ஒரு தடவைகூடச் சரியாக இருந்ததில்லை.

அவள் சொன்னது இதுதான். அவள் கணவர் தானியப் புள்ளிவிவர அலுவலகத்தில் மக்காச்சோளப் பிரிவின் தலைவராக இருந்தவர். வருடாவருடம் நாட்டில் எவ்வளவு மக்காச்சோளம் விளைந்தது, கிடங்குகளில் இருந்த இருப்பு போன வருடத்தைவிட ஏறியதா இறங்கியதா என்று ஒரே ஒரு வரி போடுவது அவர் வேலை. மூன்று வருடத்துக்கு முன் அந்த வரி தப்பாக அச்சாகிவிட்டது. கிடங்குகளில் நாலு லட்சம் டன் கூடுதலாகச் சேர்ந்திருக்கிறது என்று நம்பி, வெளிநாட்டுக்கு விற்க ஒப்பந்தம் போட்டார்கள். உண்மையில் கிடங்குகள் துடைத்து வைத்த மாதிரி கிடந்தன. விற்ற சோளம் புது அறுவடையிலிருந்து போயிற்று. தீவனம் இல்லாமல் கோழிப் பண்ணைகள் மூடின. குஞ்சுகளைக் குழி தோண்டிக் கொட்டினார்கள்.

"இவரை வேலையை விட்டு அனுப்பிட்டாங்க. எங்க வீட்டுச் சுவரெல்லாம் முட்டை. தெருவுல எங்களுக்கு 'மைனஸ் வீடு'ன்னு பேரு. எம்பொண்ணை ஸ்கூல்ல 'ஏ மைனஸ்'னுதான் கூப்பிடறாங்க. இவர் வாசப்படி தாண்டி மூணு வருஷம் ஆச்சு."

பேப்பருக்குப் பின்னால் மச்சினனின் தலை கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கியது.

"மூணு வருஷம் கழிச்சு இன்னைக்கு ஏன் வந்தீங்க?"

"பத்து வருஷத் தொகுப்பு ஒண்ணு போடறாங்க. இன்னைக்கு நாலு மணிக்கு அச்சகத்துக்குப் போகுது. அந்த வருஷத்து வரிக்குக் கீழே அடிக்குறிப்பு. 'இப்பிழைக்குப் பொறுப்பானவர்'னு போட்டு இவர் பேரு. நாடு முழுக்க நூலகத்துல ஏறிடும் சார். எம்பொண்ணு தலை நரைச்சாலும் அது அங்கேயே இருக்கும்."

அவள் பையிலிருந்து பழைய ஆண்டுப் புத்தகத்தை எடுத்து விரித்தாள். தட்டச்சு செய்த தாளை அப்படியே படம் பிடித்து அச்சிட்டிருந்தார்கள். தலைப்பு: *மக்காசோளம் – ஆண்டு இருப்பு மாற்றம்.* அளவு ஆயிரம் டன்னில். விளைச்சல் 2600. இருப்பு மாற்றம் −400. மொத்தம் கிடைத்தது 2200. மனித உணவு 900. தீவனம் 1300.

"குறைஞ்சா மைனஸ்தானே? சரியாத்தானே போட்டிருக்கு!" என்றான் மச்சினன், பொறுக்க முடியாமல்.

"எல்லாரும் இதைத்தான் கேப்பாங்க," என்றாள் அவள் சலிப்புடன். "அவங்க முறை வேற. கிடங்குல இருந்து வெளியே எடுத்தா நமக்குக் கிடைக்குது, அதனால பிளஸ். உள்ளே கொண்டு போய்ப் பூட்டினா நமக்குக் கிடைக்கலை, அதனால மைனஸ். அரிசி டப்பாவைக் காட்டி இவர் எனக்கு விளக்குவார். கல்யாணமான புதுசுல எங்களுக்குள்ள வேற பேச்சே கிடையாது. இவர் பிளஸ் நானூறுன்னு எழுதினேன்னு சத்தியம் பண்றார். கையால எழுதின தாளைக் காணோம்."

நிதானம் ஒரு துண்டுக் காகிதத்தில் எண்களைக் கூட்டிக் கழித்துப் பார்த்தார். "சரியா வருதே," என்று முணுமுணுத்தார். அவர் குரலில் ஏமாற்றம் இருந்தது.

புத்தகத்துக்குள் மடித்து வைத்திருந்த ஒரு தாளை எடுத்தார். "இது என்ன?"

"நான் அமைச்சருக்குக் குடுத்த மனு. அண்ணா எழுதிக் குடுத்தார். அண்ணான்னா இவரோட சிநேகிதர். அதே பிரிவுல ரெண்டாவது மேசை. ஆபீஸ்ல மத்தவங்க எல்லாம் எங்களைத் தெரியாத மாதிரி போறாங்க. அவர் மட்டும் ஞாயித்துக்கிழமை தவறாம ரெண்டு ஆரஞ்சோட வந்துடுவார். அவர் வந்தாத்தான் இவர் வாய் திறப்பார்."

மனு அழகான கையெழுத்தில் இருந்தது. *'மக்காசோள அட்டவணையில் நேர்ந்த பிழைக்கு என் கணவர் காரணமல்ல. துணை இயக்குநரின் மேல் எங்களுக்குச் சந்தேகம் உள்ளது...'* நிதானத்தின் விரல் தானாக மேசைமேல் இருந்த சிவப்புப் பென்சிலைத் தேடிப் போயிற்று. பிறகு பென்சிலைத் திரும்ப வைத்துவிட்டுப் புத்தகத்தின் மற்ற பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். நேரம் எடுத்துக்கொண்டார்.

"அத்தான், துணை இயக்குநர்தான். எழுதி வெச்சுக்கோங்க," என்றான் மச்சினன்.

"எழுதி வெச்சுக்கறேன் மாப்ளே. கிளம்பலாமா?"

ஆட்டோவில் பாதி வழியில், முன்சீட்டில் ஓட்டுநரோடு ஒண்டி உட்கார்ந்திருந்த மச்சினன் திரும்பாமலே பேசினான்.

"அக்கா, ஒண்ணு சொல்லணும். எனக்கு எண்ணூறு குஞ்சு போச்சு. பேங்க் கடன்ல பண்ணை வெச்சிருந்தேன். உங்க சுவத்துல விழுந்த முட்டையில... ஒரு டஜன் என்னுது."

ஆட்டோ ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது.

"கடைசி முட்டையெல்லாம் நீங்கதானா?" என்றாள் அவள். "அழுகல். நாலு நாள் நாத்தம் போகலை."

"மன்னிச்சிடுங்க."

"மன்னிக்கிறது அப்புறம். இன்னைக்கு யார் மேல எறியணுமோ அவன் மேல எறியுங்க. அதுக்குத்தான் வந்திருக்கேன்."

துணை இயக்குநரின் அறையில் மின்விசிறி சுற்றியது. காற்று மட்டும் வரவில்லை. மேசைமேல் புதுத் தொகுப்பின் தாள்கள் கட்டாக இருந்தன. அச்சக வண்டி வர இன்னும் ஒன்றரை மணி நேரம்.

"விசாரணை முடிஞ்சு போன விஷயம்," என்றார் துணை இயக்குநர். மீசைக்குச் சாயம் பூசியவர். பேசும்போது மேசையைத் தட்டுகிற பழக்கம். "கீழே இவங்க வீட்டுக்காரர் கையெழுத்து இருக்கு. நானும் போட்டேன். வேற என்ன?"

"கையெழுத்து கடைசித் தாள்ல இருக்கு. சோளம் மூணாவது தாள்ல இருக்கு," என்றார் நிதானம். "நடுத்தாளைப் படிச்சீங்களா?"

"பெரிய ஆபீசுங்க இது. எல்லாத்தையும் படிச்சுக்கிட்டு இருந்தா கையெழுத்து யார் போடறது?"

வாசலில் நின்றிருந்த தட்டச்சர் அம்மா சட்டென்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். சிரிப்பை இருமலாக மாற்ற அவர் பட்ட பாடு எல்லாருக்கும் தெரிந்தது.

"நீங்க சொல்லுங்கம்மா. தாள் எப்படிப் போகும்?"

"பெரிய சார், இவங்க வீட்டுக்காரர், கையால எழுதிக் குடுப்பார். நான் அடிச்சு அவர்கிட்ட காட்டுவேன். கையெழுத்துப் போட்டதும் கட்டைக் கொண்டு போய் ரெண்டாவது மேசையில வைப்பேன். அவங்கதான் இந்த அறைக்குக் கொண்டு வருவாங்க. அன்னைக்கும் அப்படித்தான். வியாழக்கிழமை சாயங்காலம்."

"மறுநாள் வெள்ளிக்கிழமைல இருந்து நான் லீவுல இருந்தேன்," என்றார் அவருக்குப் பின்னால் வந்து நின்ற மனிதர். ஒல்லியான, மென்மையான முகம். அந்தப் பெண்ணைப் பார்த்ததும் அந்த முகம் கனிந்தது. "வா தங்கச்சி. வர்றேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வாசலுக்கே வந்திருப்பேனே."

"அவசரமா வந்தோம் அண்ணா."

நிதானம் மூன்று வெள்ளைத் தாள்களை எடுத்து மூன்று பேர் முன்னாலும் வைத்தார்.

"பெரிய உதவி ஒண்ணும் வேண்டாம். அடிக்குறிப்பை மாத்தணும்னா என்ன போடறதுன்னு ஆளுக்கு ஒரு வரி எழுதிக் குடுங்க. நான் சொல்றேன். அந்த வருஷம் கிடங்குல இருப்பு நாலு லட்சம் டன் குறைஞ்சுது. தானியத்தோட பேரை எழுதி, பக்கத்துல ஆயிரம் டன் அளவுல எண்ணைப் போடுங்க. உங்க அட்டவணையில போடற மாதிரியே."

"ஸ்கூல் பிள்ளைங்க மாதிரி டிக்டேஷனா?" என்று துணை இயக்குநர் மேசையைத் தட்டினார். ஆனால் எழுதினார். மற்ற இருவரும் எழுதினார்கள். மச்சினன் தாள்களை வாங்கி வந்து, ஒன்றும் புரியாமல், பரீட்சை முடிவு மாதிரி சத்தமாகப் படித்தான்.

"துணை இயக்குநர் சார், மைனஸ் நானூறு. அம்மா வெறும் நானூறு. இவர் பிளஸ் நானூறு."

"குறி எல்லாம் அவங்க போடறது. தாள்ல இருந்தா அடிப்பேன், இல்லேன்னா விட்டுடுவேன்," என்றார் தட்டச்சர் அம்மா.

"குறைஞ்சா மைனஸ் இல்லாம வேற என்ன?" என்றார் துணை இயக்குநர்.

அந்தப் பெண் அவரை நிமிர்ந்து பார்த்தாள். தன் அலுவலகம் பல வருடங்களாகப் போட்டுவரும் குறியின் பொருள் தனக்குத் தெரியாது என்பது அவருக்கு மெல்லப் புரிந்தது; சாயம் பூசிய மீசை ஒரு பக்கம் இறங்கியது.

"துணை இயக்குநர் தப்பிச்சுட்டார்," என்றார் நிதானம். "ஏன்னு சொல்றேன். முறை தெரியாத ஒருத்தர், தப்பைத் திருத்தறோம்னு நினைச்சு பிளஸ்ஸை மைனஸா மாத்தியிருக்கலாம். அப்படின்னா கூட்டல் கணக்கு ஒத்து வந்திருக்காது. இவங்க வீட்டுக்காரர் எழுதினது ரெண்டாயிரத்து அறுநூறு, கூட்டல் நானூறு, மொத்தம் மூவாயிரம். மனுஷனுக்குத் தொள்ளாயிரம் போக, தீவனம் ரெண்டாயிரத்து நூறு. அச்சான தாள்ல தீவனம் ஆயிரத்து முந்நூறு. சரியா எண்ணூறு கம்மி. நானூறுக்கு ரெண்டு மடங்கு. ஒரு கோடு போட்டுட்டு, அந்தக் கோட்டால என்னென்ன மாறுமோ அத்தனையையும் மாத்தி, ஒரு முழுத் தாளைப் புதுசா அடிச்சு உள்ளே சொருகியிருக்காங்க. அது தெரியாம நடந்த தப்பு இல்லை. அந்த முறை நல்லாத் தெரிஞ்ச ஒருத்தர் உக்காந்து பண்ணின வேலை."

நிதானம் மச்சினன் கையிலிருந்த தாள்களைக் காட்டினார்.

"அது தெரிஞ்சவர் இந்த அறையில யாருன்னு தாள் சொல்லிடுச்சு. ஆனா அது போதாது. மாப்ளே, தானியத்தோட பேரை எழுத்துக் கூட்டிப் படி. மூணு தாளையும்."

"ம, க், கா, ச், சோ, ள, ம். ரெண்டாவதும் அதேதான். மூணாவது... ம, க், கா, சோ..." அவன் நின்றான். "அத்தான், இதுல ஒரு 'ச்' இல்லை."

நிதானம் ஆண்டுப் புத்தகத்தைத் திருப்பி வைத்தார். "இதுல நாப்பத்தேழு இடத்துல மக்காச்சோளம் வருது. அம்மா ஒரு இடத்துலகூட 'ச்' விடலை. சோளக் கணக்கு இருக்கிற அந்த மூணாவது பக்கத்துல மட்டும் இல்லை. இந்த மனுவுலயும் இல்லை." அவர் இரண்டாம் மேசைக்காரரைப் பார்த்தார். "ஒற்று விடறவங்க ஊர்ல பாதிப் பேர். முறை தெரிஞ்சவங்க இந்த ஆபீஸ்ல ரெண்டே பேர். அந்த வியாழக்கிழமை சாயங்காலம் கட்டு தன் மேசைக்கு வந்து, ஒற்றும் விட்டு, முறையும் தெரிஞ்ச ஆள் ஒருத்தர்தான்."

"ஒரு மெய்யெழுத்துக்காக என்னைத் தூக்குல போடுவீங்களா?" என்று அவர் சிரித்தார். சிரிப்புகூட மென்மையாகத்தான் இருந்தது. "தங்கச்சி, இவர் சொல்றதை நீ நம்பறியா?"

அவள் மனுவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அதே எழுத்தை மூன்று வருடமாகப் பார்த்திருக்கிறாள். அதைத் தலையணைக்கு அடியில்கூட வைத்திருக்கிறாள்.

"ஞாயித்துக்கிழமை எதுக்கு வருவீங்க?" என்றாள்.

"என்னம்மா கேள்வி இது?"

"ரெண்டு மணி நேரம் உக்காந்திருப்பீங்க. பேசறது பத்து வார்த்தை. எதைப் பாக்க வருவீங்க?"

நிதானம் ஓர் அடி பின்னால் நகர்ந்தார். பழி வாங்கியவனுக்கு ஒரு குறை உண்டு என்று அவருக்குத் தெரியும்: வாங்கியது யாருக்கும் தெரியாமல் போவது. அந்தக் குறை அந்த மெல்லிய முகத்தில் மேலே ஏறி வருவதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவன் முகத்தைப் பாக்க," என்றார் இரண்டாம் மேசைக்காரர்.

குரல் அப்போதும் உயரவில்லை. "எனக்கு ஒரு தங்கச்சி இருக்கா. நெஜமான தங்கச்சி. அவனுக்குப் பேசி முடிச்சு, தேதி குறிச்சு, ஊரெல்லாம் சொல்லியாச்சு. பத்து நாள் இருக்கும்போது வந்து 'வேற ஒரு பொண்ணைப் பாத்துட்டேன், மனசு ஒப்பலை'ன்னு சொன்னான். ரொம்ப மரியாதையாச் சொன்னான். அவ அன்னைக்குக் கதவைச் சாத்தினவ. பதினோரு வருஷம். ஒரு நல்லது கெட்டதுக்கு வாசப்படி தாண்டலை. வேலைக்கு வந்தா பக்கத்து மேசையில இவன், டிபன் பாக்ஸைத் திறந்து 'என் வீட்டுக்காரி கட்டிக் குடுத்தது'ன்னு எனக்கும் ஒரு பங்கு வைப்பான். அவனும் ஒரு வீட்டுக்குள்ள உக்காரட்டும்னு நினைச்சேன். உக்காந்தான்."

அந்தப் பெண் மனுவை மேசைமேல் வைத்தாள். கல்யாணத்துக்கு முன் ஒரு சம்பந்தம் வந்து தட்டிப் போயிற்று என்று கணவர் ஒரு முறை சொல்லியிருந்தார். அவ்வளவுதான் சொன்னார். அந்த வேறு பெண் அவள்தான். அவளுடைய சந்தோஷத்துக்கு எங்கோ ஒரு வீட்டில் ஒரு கதவு சாத்தியிருந்திருக்கிறது, அவளுக்குத் தெரியாது.

"அதுக்கு அவர் சட்டையைப் பிடிச்சிருக்கலாம்," என்றாள் மெதுவாக. "நாலு அறை விட்டிருக்கலாம். நானே வழி விட்டிருப்பேன். நாட்டோட தீவனத்துலயா கை வைப்பீங்க? இதோ நிக்கறாரே, எண்ணூறு குஞ்சைக் குழியில போட்டவர். இவர் உங்க தங்கச்சியை என்ன பண்ணினார்? எம்பொண்ணு என்ன பண்ணினா?"

மச்சினன் முஷ்டியை மடக்கிக்கொண்டு ஓர் அடி முன்னால் வைத்தான். நிதானம் அவன் தோளில் கை வைத்தார்.

"வேணாம் மாப்ளே. இது அவங்க முறை."

"மன்னிச்சிடு தங்கச்சி," என்றார் இரண்டாம் மேசைக்காரர். சொன்ன பிறகுதான் தலை குனிந்தார்.

"நான் மன்னிக்க வரலை. மிஷின் முன்னால உக்காருங்க."

தட்டச்சர் அம்மா ஓடிப்போய் இயந்திரத்தின் உறையை எடுத்தார். துணை இயக்குநர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார்.

"நீங்க கடைசியில கையெழுத்துப் போடணும் சார்," என்றாள் அவள். "இந்தத் தடவை படிச்சுட்டு."

அவள் சொல்லச் சொல்ல இரண்டாம் மேசைக்காரர் அடித்தார். 'இவ்வரியில் இருப்பு மாற்றம் கூட்டல் நானூறு என்று இருக்க வேண்டும். பிரிவுத் தலைவர் சரியாகவே எழுதியிருந்தார். அவர் எழுதிய தாள் வேண்டுமென்றே மாற்றப்பட்டது. மாற்றியவர்' என்று அடித்துவிட்டு அவர் விரல்கள் நின்றன.

"உங்க பேரு. முழுசா. இனிஷியலோட."

சாவிகள் ஒவ்வொன்றாக விழுந்தன. மூன்று ஐம்பதுக்குத் தாள் கட்டில் சேர்ந்தது. துணை இயக்குநர் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பக்கத்தை உதடு அசையப் படித்து முடித்துக் கையெழுத்திட்டார். இலாகா விசாரணைக்கும் ஒரு கடிதம் எழுதினார்.

"இன்னும் ஒண்ணு பாக்கி," என்றாள் அவள், இரண்டாம் மேசைக்காரரிடம். "ஞாயித்துக்கிழமை எப்பவும் போல வாங்க. உள்ளே வரக் கூடாது. வாசல் கேட்டுக்கு வெளியே நின்னு நீங்களே அவர்கிட்ட சொல்லணும். தெருவுக்கே கேக்கணும். உங்க முகத்தை அவர் பாக்கட்டும்."

ஞாயிறு காலை பத்து மணிக்கு அவர் வந்தார். கை காலியாக இருந்தது. தெருவில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவர்கள், சைக்கிள் துடைத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் நிமிரும்படி சொன்னார். முதல் தடவை குரல் எழும்பவில்லை. அவள், "கேக்கலை," என்றாள். மறுபடியும் சொன்னார். எதிர்வீட்டு மாடியில் நின்றிருந்த அம்மாள் கையிலிருந்த ஈரத்துணியை அப்படியே விட்டுவிட்டாள். அது கீழே போய் விழுந்தது.

கணவர் வாசலில் வந்து நின்று முழுவதும் கேட்டார். அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் வரும், கத்துவார், மூன்று வருடமாக அடைத்துக் கிடந்தது எல்லாம் உடைந்து வரும் என்று காத்திருந்தாள்.

"தீவனத்துல எண்ணூறைக் குறைச்சியே," என்றார் அவர் கடைசியில். "அது எத்தனை பண்ணைன்னு பாத்தியா?"

"இல்லை."

"நாம அதைத்தானே பாக்கணும்."

அவர் உள்ளே போனார். திரும்பி வந்தபோது சட்டை மாட்டியிருந்தார். செருப்பைத் தேடினார், அது அலமாரிக்கு அடியில் தூசியோடு கிடந்தது.

"எங்கே கிளம்பறீங்க?" என்றாள் அவள்.

"அந்தப் பொண்ணைப் பாக்க. பதினோரு வருஷத்துக்கு முன்னால நேரா அவகிட்ட சொல்லாம, இவன்கிட்ட சொல்லிட்டு வந்துட்டேன். அது என் தப்பு. அதை நான்தான் போய்ச் சொல்லணும்."

"அவ கதவைத் திறக்கலைன்னா?"

"வெளியில நின்னு சொல்லுவேன்."

அவள் ஒரு நிமிடம் நின்றாள். பிறகு வீட்டைப் பூட்டினாள், மகளைப் பக்கத்து வீட்டு வாசலில் விட்டாள், அவருக்கு முன்னால் நடந்தாள். கேட்டருகே இரண்டாம் மேசைக்காரர் இன்னும் நின்றிருந்தார், வழியை அடைத்துக்கொண்டு, என்ன செய்வதென்று தெரியாமல்.

"தள்ளி நில்லுங்க சார்," என்றாள். "நாங்க வெளியே போகணும்."